எட்டில் ஒன்றில் பாதி

கருங்கல்பாளையம் குடோனில்
நாற்பது மூட்டை விரலி மஞ்சளை விட்டுவிட்டு
மவுத்தானார் தாஜுதீன்.
கடன் கழித்து, கஃபன் செலவு கழித்து,
முப்பத்தோரு வருசமாய்ப் பாக்கி நின்ற
என் மஹர் ஐநூற்றியொரு ரூபாயும் கழித்து
மீந்தது அவ்வளவுதான்.

ஹஜ்ரத் வெள்ளைத்தாளில் கணக்குப் போட்டார்:
பிள்ளைகள் இருப்பதால் மனைவிக்கு எட்டில் ஒன்று.
மனைவி இரண்டென்றால் பங்கு இரண்டாகாது,
அந்த ஒன்றைத்தான் பிளக்க வேண்டும்.
ஆளுக்கு இரண்டரை மூட்டை.

பதினோரு வருசம் முந்தி
ஜும்மா முடிந்து வந்து தட்டின் முன் உட்கார்ந்து
மார்க்கத்தில் இடமிருக்கிறது என்றார்.
இடம் இருப்பதைத்தான் சொன்னார்;
நிபந்தனையை ரசத்தோடு சேர்த்துக் குடித்துவிட்டார்.
நீதமா நடக்க முடியுங்களா என்று கேட்டேன்.
முப்பது வருசத்தில் ஒரு காட்டுக்காரனும்
என் எடையில் குறை சொன்னதில்லை என்றார்.

பவானியில் நிக்காஹ்.
முதல் மனைவி உண்டா என்ற கட்டத்தில்
தஃப்தரில் ‘ஆம்’ என்று எழுதினார்களாம்.
அந்த ஆம்
அன்றைக்கு இங்கே இட்லிக்கு ஊறப்போட்டுக்கொண்டிருந்தது.

அவள் புருசனை இழந்தவள், அதனால் மூன்று இரவு.
கன்னியாயிருந்தால் ஏழு.
நாலு இரவு உனக்கு மிச்சம் என்று
நாத்தனார் சிரித்தாள்.
நானும் சிரித்தேன்.

அப்புறம் ஒன்றுவிட்டு ஒன்று.
காலண்டரில் பென்சில் புள்ளி.
கிரைண்டர் இரண்டு வாங்கினார், ஒரே கம்பெனி.
பெருநாளைக்கு ஒரே விலையில் சேலை.
எனக்குப் பச்சை;
அவளுக்கு என்ன நிறமென்று நான் கேட்டதேயில்லை.
குறை சொல்ல முடியாத எடை.
ஆனால்
பவானியிலிருந்து திரும்பும் காலைகளில்
இந்தச் செம்பில் தண்ணீர் குடிக்கட்டுமா என்று கேட்பார்,
அவர் வாங்கிய செம்பு,
விருந்தாளி மாதிரி.
அதை எந்தத் தட்டில் வைத்து நிறுப்பது?

இத்தா நாலு மாசம் பத்து நாள்.
அவளுக்கும் அதேதான்,
அதில் கன்னியென்றும் மற்றதென்றும் கணக்கில்லை.
நடுவில் ஒரு நாள் போன் அடித்தது.
‘அக்கா, பல்கீஸ் பேசறேனுங்க.
அவருக்குக் கத்திரிக்காய் ஆகாதுன்னு சொல்லுவாரே,
நெசமுங்களா?’
‘எங்கிட்ட நெலக்கடலை ஆகாதும்பாரு.’
அதற்குமேல் பேச ஒன்றுமில்லை.
இரண்டு பேரும் போனை வைக்கவுமில்லை.
அந்தப் பக்கம் குக்கர் விசிலடித்தது,
அவர் வாங்கித்தந்த குக்கராய்த்தான் இருக்கும்,
என்னுடையதும் அப்படித்தான் அடிக்கும்.

இன்று குடோனில் முதல்முறையாக அவள் முகம்.
என்னைவிடக் குட்டை.
காதில் ஒன்றுமில்லை.
கண்ணில் மஞ்சள் தூசி விழுந்து
முந்தானையால் ஒற்றிக்கொண்டேயிருந்தாள்,
தூசிதான் என்று நினைக்கிறேன்.

நாலு மூட்டை முழுசாய்ப் பிரிந்து போயிற்று.
ஐந்தாவதை அவிழ்த்தான் மாரப்பன்.
எலக்ட்ரானிக் தராசு.
முப்பத்திரண்டு கிலோ ஐநூறு, என்னுடையது.
முப்பத்திரண்டு கிலோ நானூற்றித் தொண்ணூறு, அவளுடையது.
என் சாக்கிலிருந்து ஒரு விரலியை எடுத்து
அங்கே போட்டான்.
இப்போது எனக்குக் குறைந்தது.
திரும்ப எடுத்து நடுவில் ஒடித்தான்.
‘போதுங்கண்ணா’ என்றாள் பல்கீஸ்.
‘போதாது’ என்றேன்.

பதினோரு வருசம் கேட்காத எடை.
ஒரு தடவையாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும்.
கடைசி எண் மட்டும் நிற்கமாட்டேனென்கிறது,
ஏறுகிறது, இறங்குகிறது.
மாரப்பன் தராசைத் தட்டிப் பார்க்கிறான்.
காத்துங்க, என்கிறான்.

நான் மேலே பார்ப்பதற்குள்
பல்கீஸ் எழுந்து போய்
காற்றாடியை அணைத்துவிட்டு வந்து
என் பக்கத்தில் நின்றுகொண்டாள்.